பழைய மஸ்டாங் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீளமான பானெட், குட்டையான பின்புறம், இரண்டே கதவு, பின் சக்கரத்தைச் சுழற்றும் இன்ஜின். 60 வருடத்துக்கு மேலாக ஃபோர்டு மஸ்டாங் இந்த அமைப்பை விடவில்லை. அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிற யார் கண்ணிலும் என்றாவது ஒருநாள் இது படும். விலையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதற்குப் பிறகு மனதில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எனக்கு இந்தக் கார் பிடிக்கும். அந்தச் சாய்வு எங்காவது தெரிந்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மஸ்டாங்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா?

கறாராகப் பார்த்தால், பிறந்தபோது அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடிப்பகுதிக்கு மேல் அழகான உடம்பைப் பொருத்திய வண்டி. அப்போது ஃபோர்டு பிரிவின் தலைவராக இருந்தவர் லீ ஐயகோக்கா. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் கார் ஓட்டும் வயதுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்பா ஓட்டும் கார் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கையில் காசில்லை. ஏற்கனவே தயாரித்துக்கொண்டிருந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்தே அவர்களுக்கு ஒரு கார் செய்தால் விலையை அடக்கிவிடலாம் என்பது ஐயகோக்காவின் கணக்கு.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளே சுமார் 22,000 ஆர்டர் வந்ததாகச் சொல்வார்கள். 1966 மார்ச்சில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. அந்த 2,368 டாலருக்குக் கிடைத்தது 101 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜினும் மூன்று கியரும்தான். எட்டு சிலிண்டர் வி8, நல்ல பிரேக், ஏசி எல்லாம் ஆப்ஷன் பட்டியலில் இருந்தன. வேண்டியதைக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் போய்வர ஒன்று, ரேஸ் ஓட்ட ஒன்று என இரண்டும் ஒரே பெயரில் ஒரே ஷோரூமில் நின்றன. இன்றைய பழைய மார்க்கெட்டிலும் இதே கதைதான். 'மஸ்டாங் விற்பனைக்கு' என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. எந்த வருடம், எந்த இன்ஜின் என்று கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு.

ஒரு சுவாரசியம். தொடர் எண் 1 கொண்ட மஸ்டாங், காட்சிக்காக கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஒரு விமானி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். புது மஸ்டாங் ஒன்றைக் கொடுத்துத்தான் அதை ஃபோர்டால் திரும்ப வாங்க முடிந்தது. இப்போது அது மிச்சிகனில், டியர்பார்னிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மொத்தம் எத்தனை தலைமுறை?

ஏழு. முதலாவது 1964 முதல் 1973 வரை. இரண்டாவது 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் 2. 1979 முதல் 1993 வரை ஃபாக்ஸ் பாடி, 1994 முதல் 2004 வரை எஸ்என்95, 2005 முதல் 2014 வரை எஸ்197, 2015 முதல் 2023 வரை எஸ்550, 2024 முதல் எஸ்650. விற்பவர்களும் மெக்கானிக்குகளும் இந்தக் குறியீடுகளில்தான் பேசுவார்கள், தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மஸ்டாங் 2ஐ ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

முதல் தலைமுறை வருடத்துக்கு வருடம் வீங்கிக்கொண்டே போய் 1971ல் பெரிய படகாகிவிட்டது. அடுத்ததைச் சின்னதாகச் செய்ய முடிவெடுத்து, பின்டோ என்ற சிறு காரின் பாகங்களை வைத்துக் கட்டினார்கள். 1974 மாடலில் வி8 கிடையவே கிடையாது. 1975ல் வி8 திரும்பியது, ஆனால் ஐந்து லிட்டர் இன்ஜினிலிருந்து 140 குதிரைத்திறன்தான் வந்தது. ரசிகர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் ஃபோர்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 1973 செப்டம்பரில் கார் வெளிவந்தது, அடுத்த மாதமே அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை நின்ற அந்த நேரத்தில் கையடக்கமான மஸ்டாங் தயாராக இருந்தது. 1974ல் மட்டும் 3.85 லட்சத்துக்கு மேல் தயாரானது. முந்தைய வருடத்து எண்ணிக்கை சுமார் 1.35 லட்சம். இந்தக் கார் இல்லாவிட்டால் பெயரே நின்றுபோயிருக்கும் என்பது என் கட்சி. வாங்கச் சொல்வேனா என்றால், மாட்டேன்.

ஃபாக்ஸ் பாடி விலை இப்படி ஏறுவதற்கு என்ன காரணம்?

1987 முதல் 1993 வரை வந்த 5.0 வி8 வண்டிகளுக்குத்தான் இந்த மவுசு. 225 குதிரைத்திறன் இன்று பெரிதாகத் தெரியாது. ஆனால் வண்டி எடை குறைவு, இன்ஜின் எளிமையானது, மாற்றுப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கலிஃபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸே வேகமாகப் போகிறவர்களைத் துரத்த 1982 முதல் மஸ்டாங் வாங்கியது. அன்று இருபது வயதில் இதற்கு ஏங்கியவர்கள் இன்று ஐம்பது தாண்டி, கையில் பணத்தோடு தேடுகிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இந்தத் தலைமுறையில்தான் மஸ்டாங் கிட்டத்தட்ட செத்துப் பிழைத்தது. 1980களில் மாஸ்டா நிறுவனத்தோடு சேர்ந்து, முன் சக்கர டிரைவ் கொண்ட ஒரு கூப்பேயை அடுத்த மஸ்டாங்காக விட ஃபோர்டு திட்டமிட்டது. செய்தி கசிந்ததும் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ஃபோர்டு பின்வாங்கியது. அந்தக் கார் புரோப் என்ற பெயரில் வெளிவந்தது, சில வருடங்களில் மறைந்தும் போனது. பழைய ஃபாக்ஸ் பாடி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வாங்கப் போகிறவர்கள் காரை லிஃப்டில் ஏற்றி, பின் சஸ்பென்ஷன் கைகள் சேசிஸோடு சேரும் டார்க் பாக்ஸ் பகுதியைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பும் டிராக் ஸ்டார்ட் அடித்து அடித்து அங்கே தகடு கிழிந்திருக்கும், அல்லது கிழிந்ததை வெல்டிங் வைத்து மூடியிருப்பார்கள். 30 வருட வண்டியில் யாரும் கை வைக்காத 5.0 கிடைப்பது அரிது. கிடைத்தால் அதற்கேற்ற விலை சொல்வார்கள்.

1994 முதல் 2004 வரையிலான வண்டிகள் மலிவாக வருகின்றனவே?

வரும். முதல் மஸ்டாங்காக, கொஞ்சம் கையைக் கறையாக்கிக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு நல்ல வண்டி. 1999க்குப் பிறகு வந்த கூர்மையான முக அமைப்புள்ள ஜிடியில் (வி8 வைத்த மஸ்டாங் ரகம்) 260 குதிரைத்திறன். அதற்கு முன் 1996 முதல் 1998 வரை வந்த 4.6 லிட்டர் ஜிடி கொஞ்சம் சோம்பேறி.

கவனிக்க வேண்டியது இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு. கூலன்ட் போகும் இடத்தில் விரிசல் விட்டு இன்ஜின் மேலேயே கசியும். அலுமினியப் பாலம் வைத்த மாற்று மேனிஃபோல்டு போட்டாயிற்றா என்று கேளுங்கள். பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

இதே வரிசையில் 2003, 2004 கோப்ரா தனி ரகம். சூப்பர்சார்ஜர், 390 குதிரைத்திறன், பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். இதற்கு முன் 1999ல் வந்த கோப்ரா சொன்ன சக்தியைத் தரவில்லை என்று வாங்கியவர்கள் கொதித்து, ஃபோர்டு விற்பனையையே நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுத்தது. அந்த அவமானத்துக்குப் பரிகாரமாகவே 2003ஐச் செய்தார்களோ என்று தோன்றும். இது மலிவாகக் கிடைக்காது, கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

2005 முதல் 2014 வரை?

முதல் தலைமுறையின் முகத்தைத் திரும்பக் கொண்டுவந்த கார் இது. 2005 மாடலின் தலைமைப் பொறியாளர் ஹாவ் தாய்-டாங், சைகோனில் பிறந்து 1975ல் அகதியாக அமெரிக்கா வந்தவர். அமெரிக்கக் கார்களிலேயே அமெரிக்கத்தனம் மிகுந்த ஒன்றை அவர் கையில் கொடுத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

இந்தத் தலைமுறையை 2010க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 2005 முதல் 2010 வரை ஜிடியில் 4.6 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு. சத்தம் இனிமை, ஆனால் இரண்டு தலைவலி. ஒன்று, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் தேய்ந்து, ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) 'டக் டக்' என்று டீசல் வண்டி மாதிரி கேட்கும். இன்னொன்று ஸ்பார்க் பிளக். தொடக்க வருடங்களில் இரண்டு துண்டாகச் செய்த பிளக்கைப் போட்டார்கள். கரி பிடித்துக்கொண்டு, கழற்றும்போது பாதி கையோடு வரும், பாதி சிலிண்டர் ஹெட்டிலேயே ஒடிந்து நிற்கும். விற்பவரிடம் 'பிளக் எப்போது மாற்றினீர்கள்?' என்று கேட்டு, அந்தப் பில்லை வாங்கிப் பாருங்கள். பில் இல்லையென்றால் அந்த வேலை உங்கள் தலையில் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

2011ல் கொயோட்டி என்று பெயர் வைத்த புது 5.0 வந்தது, 412 குதிரைத்திறன். மஸ்டாங் சரித்திரத்தில் இதுதான் பெரிய தாவல். அதே வருடம் அடிப்படை வண்டியின் வி6கூட 305 குதிரைத்திறனுக்கு ஏறியது. ஒரு வருடத்துக்கு முந்தைய வி8 ஜிடியின் 315ஐக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. 2011, 2012 மேனுவல் கியர்பாக்ஸைப் பற்றிப் புகார் நிறைய உண்டு: குளிரில் இரண்டாவது கியர் விழாது, வேகமாக மாற்றினால் கரகரக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்குப் பத்து முறையாவது மாற்றிப் பாருங்கள்.

இந்த 2005–2014 வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குக்கான ரீகால். வெடிக்கும்போது உலோகத் துண்டைத் தெறிக்கவிட்டு ஆளைக் கொன்ற ஏர்பேக் அது. டீலர் இலவசமாக மாற்றித் தருவார். அது முடியாத வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள்.

சரி, ஒரே ஒரு வண்டியைச் சொல்லுங்கள் என்றால்?

2015 முதல் 2017 வரை வந்த ஜிடி, அல்லது பட்ஜெட் இடம் கொடுத்தால் 2018க்குப் பிந்தைய ஜிடி. யாரும் கை வைக்காதது, ஒன்றிரண்டு கை மட்டுமே மாறியது, சர்வீஸ் பில் இருப்பது.

2015ல்தான் எல்லா மஸ்டாங்கிலும் தனித்தனி பின் சஸ்பென்ஷன் வந்தது. அதுவரை, கோப்ரா போன்ற சிலவற்றைத் தவிர, பின்னால் லாரி மாதிரி ஒரே ஆக்சில். வளைவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இன்னொரு சக்கரமும் சேர்ந்து துள்ளும். 2015ஐ ஓட்டிய பிறகு 2014ஐ ஓட்டினால் மோசமான ரோட்டில் அது உடனே தெரியும். 435 குதிரைத்திறன், நேரடியான இன்ஜின். 2018ல் அது 460 ஆகி, பத்து கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. வேகத்தில் அசுரன், ஆனால் நகர நெரிசலில் கியர் மாறும்போது உதறுவதாகப் புகார் நிறைய. ஓட்டிப் பார்க்கும்போது ஹைவேயில் மட்டும் ஏற்றிக் காட்டினால் ஏமாறாதீர்கள்; சிக்னல் சிக்னலாக நின்று நின்று ஓட்டுங்கள். 2018 இன்ஜின்களில் சூடான பிறகு ஐடிலில் டைப்ரைட்டர் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். கேட்டுப் பயந்தவர்கள் ஏராளம். அதை மட்டும் வைத்து வண்டியைத் தள்ள வேண்டாம், ஆயில் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜிடி350, ஜிடி500 போன்ற ஷெல்பி வண்டிகளை இங்கே சேர்க்கவில்லை. அவற்றை வாங்குகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

நான்கு சிலிண்டர் ஈகோபூஸ்ட் மஸ்டாங் என்று சொன்னால் சிரிக்கிறார்களே?

சிரிக்கட்டும். 2.3 லிட்டர் டர்போ, 310 குதிரைத்திறன். 2003ல் கோப்ரா தவிர வேறு எந்த மஸ்டாங்கும் இந்த எண்ணைத் தொடவில்லை. முன்பக்க எடை குறைவு என்பதால் வளைவுகளில் ஜிடியைவிட லேசாகத் திரும்பும். பெட்ரோலும் குறைவு. குறை என்று சொன்னால் சத்தம்தான், ஸ்பீக்கர் வழியாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தினம் வேலைக்குப் போகவும் வார இறுதியில் சந்தோஷப்படவும் ஒரே வண்டி என்றால் இது போதும். ஆனால் வி8 வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் காசைச் சேர்த்துக்கொண்டு ஜிடியே வாங்கிவிடுங்கள். இதை வாங்கிவிட்டு ஏங்குவது வீண் செலவு.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

போவதற்கு முன்பே விற்பவரிடம் 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜின் முதல் முப்பது விநாடியில் எழுப்பும் சத்தமும் சைலன்சரில் வரும் புகையும், பத்து பக்க அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

அடுத்தது பின் டயர். முன்னால் ஒரு கம்பெனி டயர் பாதி தேய்ந்தும், பின்னால் வேறு கம்பெனி மலிவு டயர் புத்தம் புதிதாகவும் இருந்தால், பழைய ஜோடி எங்கே போயிற்று என்று யோசியுங்கள். 2015 ஜிடியிலிருந்து லைன் லாக் என்றொரு வசதி உண்டு. முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பின் டயரை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகையவிட ஃபோர்டே பட்டன் வைத்துக் கொடுத்தது! பின் சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்பக்கத்தில் கரிய ரப்பர் துணுக்குகள் பூச்சாக அப்பியிருந்தால் அந்தப் பட்டன் நன்றாகவே பழகியிருக்கிறது.

பிறகு பானெட்டைத் திறந்து, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். கம்பெனியில் பெயின்ட் அடித்த போல்ட்டில் ஸ்பேனர் பட்டால் மூலை உரிந்திருக்கும். உரிந்திருந்தால் அந்த ஃபெண்டர் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. இடதும் வலதும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் அடி என்பதும் தெரிந்துவிடும். கார் ஷோ முடிந்து வெளியே வரும்போது கெத்து காட்டி, வால் வீசி, நடைபாதையில் ஏறும் மஸ்டாங் வீடியோக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த வண்டிகள் எல்லாம் அழிந்துபோய்விடவில்லை, சரிசெய்யப்பட்டு எங்கோ விற்பனைக்கு நிற்கின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருக்கும். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. புளோரிடா, டெக்சாஸ் புயல்களுக்குப் பிறகு இப்படிப்பட்டவை வேறு மாநிலங்களுக்குக் கிளம்பிப் போகும்.

கடைசியாக, 100, 200 டாலர் கொடுத்தாவது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ட்யூன் செய்த, பார்ட்ஸ் மாற்றிய வண்டி வாங்கலாமா?

'பத்தாயிரம் டாலருக்கு மாடிஃபிகேஷன் செய்திருக்கிறேன்' என்பதை நீங்கள் பத்தாயிரம் டாலர் கூடுதல் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சைலன்சர், சக்கரம் மாற்றியிருந்தால் பரவாயில்லை. இன்ஜின் கம்ப்யூட்டரை ட்யூன் செய்திருந்தாலோ சூப்பர்சார்ஜர் வைத்திருந்தாலோ, யார் செய்தது, எந்தக் கடை, பில் எங்கே என்று கேளுங்கள். சில பேர் விற்பதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடுவார்கள். ஏர் ஃபில்டர் குழாயைச் சுற்றிய கிளாம்ப்பில் புது ஸ்குரூ டிரைவர் தடம் இருக்கிறதா, பேட்டரி பக்கத்தில் எங்கேயும் போகாத வயர் தொங்குகிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு: ஃபோர்டின் பவர்டிரெய்ன் வாரண்டி 5 வருடம் அல்லது 60,000 மைல். அந்தக் கெடுவுக்குள் இருக்கும் வண்டியென்றாலும், ட்யூன் காரணமாகத்தான் கெட்டது என்று டீலர் கண்டுபிடித்தால் அந்தப் பழுதுக்குக் காசு உங்களுடையது.

வி.ஐ.என். எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண் இது, 17 எழுத்து. 8வது இடம் இன்ஜின். 2011க்குப் பிந்தைய மஸ்டாங்கில் அங்கே 'எஃப்' இருந்தால் 5.0 வி8. வி6 வண்டியில் ஜிடி பேட்ஜ் ஒட்டி விற்பவர்களிடம் இதை மட்டும் படித்துக் காட்டினால் போதும். 10வது இடம் மாடல் வருடம். அதே எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டால் முடிக்காத ரீகால் ஏதும் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். காரின் பழைய கதையைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கை காசுக்கு. வாங்குங்கள், ஆனால் அதையே வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸுக்குப் போகாமல் கையிலிருந்து செலவழித்துச் சரிசெய்த விபத்து அதில் ஏறாது.

டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், 'சால்வேஜ்' அல்லது 'ரீபில்ட்' என்று இருந்தால் விலை கண்ணைப் பறிக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி தேறாது என்று ஒதுக்கிய வண்டி அது. வங்கி கடன் தரத் தயங்கும், நாளை நீங்கள் விற்கும்போதும் அதே தள்ளுபடியைக் கொடுக்க வேண்டியிருக்கும். மஸ்டாங்குக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில் இதை வாங்க எந்தத் தேவையும் இல்லை.

பனி பெய்யும் ஊரில் ஓட்ட முடியுமா?

முடியும். காரே டெட்ராய்ட் பக்கத்தில் ஃப்ளாட் ராக்கில்தான் தயாராகிறது, அங்கே பனிக்குக் குறைவில்லை. ஆனால் பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜோடு வந்த ஜிடிகளில் கோடைக்கால டயர் இருக்கும். வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துவிடும், பனி விழாத வறண்ட ரோட்டிலேயே வழுக்கும். தனியாக ஒரு செட் பனி டயர் வாங்கிக்கொள்ளுங்கள். பனி ஊர் வண்டி வாங்கும்போது ரோட்டில் போடும் உப்பால் அடியில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின் சீட்டு சரிப்படுமா?

சைல்டு சீட்டுக்கான கொக்கி பின் சீட்டில் உண்டு, சட்டப்படி எல்லாம் சரி. நடைமுறையில், மழையில் நின்றுகொண்டு முன் சீட்டை மடித்து, குனிந்து, அழுகிற குழந்தையைப் பின்னால் திணித்துப் பெல்ட் மாட்டிப் பாருங்கள். ஒரே வாரத்தில் மினிவேன் விளம்பரம் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். வீட்டில் இரண்டாவது கார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மாதச் செலவு எப்படி இருக்கும்?

ஜிடி லிட்டருக்குச் சுமார் 8 கிலோமீட்டர், ஈகோபூஸ்ட் 10க்குக் கொஞ்சம் மேல். மிச்சம் ஆக்சிலரேட்டரை நீங்கள் மிதிப்பதைப் பொறுத்தது. இன்சூரன்ஸ்தான் பலருக்கு அதிர்ச்சி. 25 வயதுக்குக் கீழே இருந்தாலோ, புதிதாக வந்து அமெரிக்க லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாவிட்டாலோ, ஜிடி பெயரைச் சொன்னதும் தொகை எகிறும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வி.ஐ.என். கொடுத்து இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கமேரோ, சாலஞ்சர் பக்கம் பார்க்கலாமா?

தாராளமாக. 2016க்குப் பிந்தைய செவர்லே கமேரோ வளைவுகளில் மஸ்டாங்கைவிடக் கெட்டியாக நிற்கும், இதைச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஜன்னல் பொந்து மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது. டாட்ஜ் சாலஞ்சர் பெரிய உடம்பு, பின் சீட்டில் பெரியவர்களே உட்காரலாம், நீண்ட பயணத்துக்கு சுகம். இரண்டின் தயாரிப்பும் 2023 டிசம்பரில் நின்றுவிட்டது. மஸ்டாங் இன்னும் தொடர்வதால் பாகங்களுக்கும் மெக்கானிக்குக்கும் அலைய வேண்டியதில்லை. தினம் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

கன்வெர்ட்டிபிள் நிறைய மலிவாக இருக்கிறதே?

பல ரென்டல் கம்பெனிகளில் ஓடியவை. விடுமுறைக்கு வந்தவர்கள் கடற்கரையோரம் நிதானமாக ஓட்டியதுதான் அதிகம், பயப்பட ஒன்றுமில்லை. கூரையை மூன்று முறை திறந்து மூடுங்கள், கார் வாஷுக்குள் ஒருமுறை விட்டு எடுங்கள். கால் விரிப்பு நனையாவிட்டால் சரி.

1965, 66 கிளாசிக் வாங்க ஆசை. எங்கே தொடங்குவது?

கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளைப் பகுதியிலிருந்து. கவ்ல் என்பார்கள். அதன் உள்பக்கம் சரியாக பெயின்ட் செய்யப்படாததால் இலைச் சருகு சேர்ந்து, தண்ணீர் நின்று துருப்பிடிக்கும். ஒரு குடம் தண்ணீரை அங்கே மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் கவ்லைப் பிரித்து வெல்டிங் செய்ய வேண்டும், பெரிய வேலை. விற்பவர் தண்ணீர் ஊற்ற விடாவிட்டாலும் பதில் அதுதான்.

அந்தக் காலத்து வி.ஐ.என்.னில் 5வது எழுத்து இன்ஜின். 1965ல் 'சி', 'ஏ' என்றால் 289 கன அங்குல வி8, 'கே' என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட அபூர்வமானது, 'டி' (T) என்றால் ஆறு சிலிண்டர். பானெட்டுக்குள் வி8 இருந்து எண்ணில் அந்த 'டி' (T) இருந்தால், யாரோ பின்னால் மாற்றியது. ஓட்டுவதற்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒரிஜினல் வி8 விலையைக் கொடுக்காதீர்கள். பிரேக் விஷயத்தையும் மறக்க வேண்டாம். 1966 வரை முன், பின் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவதே வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை.

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவரலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் இறக்குமதிக்கு இந்தியா கேட்கும் நிபந்தனைகளில் ஒன்று வலது பக்க ஸ்டீயரிங், இன்னொன்று மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்கு மேல் வரி. ஊரில் ஓட்ட ஆசையென்றால் அங்கேயே தேடலாம். 2016ல் ஃபோர்டு வலது பக்க ஸ்டீயரிங் வைத்த ஜிடியை இந்தியாவில் 65 லட்ச ரூபாய்க்கு, டெல்லி ஷோரூம் விலையாக, அறிமுகப்படுத்தியது. சென்னைப் பக்கம் மறைமலை நகரில் செய்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அமெரிக்காவிலிருந்து முழு வண்டியாக வந்தவை. அவற்றில் சில இப்போது கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஃபோர்டு இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திவிட்டதால், பாகங்களுக்கு யார் பொறுப்பு என்று விசாரித்த பிறகு கை வையுங்கள்.

2024ல் வந்த புது மாடல் பழைய மார்க்கெட்டுக்கு வரும்வரை காத்திருக்கலாமா?

வர ஆரம்பித்துவிட்டது. ஜிடியில் 480 குதிரைத்திறன், அதற்கு மேல் ரகமான டார்க் ஹார்ஸில் 500. டாஷ்போர்டு முழுக்கத் திரை, பழைய வட்ட மீட்டர்கள் போய்விட்டன. அடியில் இருப்பது பெரும்பாலும் 2015 வண்டியின் எலும்புக்கூடுதான். ஈகோபூஸ்ட்டில் மேனுவல் கியர் இனிக் கிடையாது. கிளட்ச் மிதித்து ஓட்டும் நான்கு சிலிண்டர் வேண்டுமென்றால் 2023 வரை உள்ளதைத்தான் தேட வேண்டும்.